வேலையில் இருப்பவர்கள் ஐ.டி.யில் முதுநிலைப் பட்டம் படிக்க: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பி.சி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து, இரண்டு மூன்று வருடமாக சப்போர்ட், டெஸ்டிங் என்று ஏதோ ஒரு வேலையில் இருந்துகொண்டு, "இதற்கு மேலே போகணும்னா மாஸ்டர்ஸ் வேணும்" என்ற முடிவுக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடலூரிலிருந்து பாண்டிக்குத் தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் நானும் அந்த முடிவுக்கு வந்தவள்தான். 26 வயதில் எம்.சி.ஏ. சேர்ந்தேன். அதற்குப் பிறகு ஆபீசிலும், மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவிலும் நிறைய தம்பி தங்கைகளுக்கு அப்ளிகேஷன் போட உட்கார்ந்திருக்கிறேன்.

மார்க் குறைந்து சீட் கிடைக்காமல் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்து ஒரு வருடத்தைத் தொலைத்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக, 9ஆம் படியை 8ஆம் படிக்கு முன்னால் செய்யவே செய்யாதீர்கள்.

1. முதலில் வேலையைத் தேர்ந்தெடுங்கள்

என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, எந்தக் காலேஜ் நல்லா இருக்கும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "படிச்சு முடிச்சதும் என்ன வேலைக்கு அப்ளை பண்ணப் போறே?" என்று. பாதிப் பேரிடம் பதில் இருக்காது. அந்தப் பதில் இல்லாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. ஏனென்றால் எந்தப் பட்டம், ரெகுலரா தொலைநிலையா, எவ்வளவு சதவீதம் வேண்டும் என்பதையெல்லாம் அந்த வேலைதான் முடிவு செய்யும்.

செய்ய வேண்டியது இதுதான். நீங்கள் போக விரும்பும் வேலைக்கான விளம்பரங்களில் பத்தை எடுத்து, கல்வித் தகுதி என்ற வரியை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்தில் எட்டு விளம்பரம் "ஏதாவது ஒரு டிகிரி, இத்தனை வருட அனுபவம்" என்று சொன்னால், உங்களுக்கு வேண்டியது மாஸ்டர்ஸ் இல்லை. நல்ல ப்ராஜெக்ட்டும் வேலை மாற்றமும் போதும். இதை நான் மனதாரச் சொல்கிறேன். இரண்டு வருடம் சின்ன விஷயம் கிடையாது.

முதுநிலைப் பட்டம் உண்மையிலேயே வழி விடும் இடங்கள் இருக்கின்றன. வங்கிகளின் ஐ.பி.பி.எஸ். சிறப்பு அதிகாரி தேர்வில் ஐ.டி. அதிகாரி பதவிக்கு நான்கு வருட இன்ஜினியரிங் பட்டம் கேட்கிறார்கள், அல்லது கம்ப்யூட்டர் சார்ந்த முதுநிலைப் பட்டம் கேட்கிறார்கள். வெறும் பி.சி.ஏ. வைத்துக்கொண்டு அதற்குப் போக முடியாது, எம்.சி.ஏ. முடித்தால் போகலாம். வயது வரம்பு 30 என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கலை அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக வேண்டும் என்றால் முதுநிலையில் 55 சதவீதமும் நெட் அல்லது செட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். அரசுப் பள்ளிகளில் முதுநிலை நிலையிலான கணினிப் பயிற்றுநர் வேலைக்கு முதுநிலையோடு பி.எட்.டும் கேட்கிறார்கள்.

தனியார் கம்பெனிகளில் நிலைமை வேறு. இன்ஜினியரிங் முடித்தவர்களுக்கு ஒரு சம்பளப் படி, பி.சி.ஏ., பி.எஸ்ஸி. முடித்தவர்களுக்கு இன்னொன்று என்று பிரித்து வைத்திருக்கும் கம்பெனிகளில் எம்.சி.ஏ. உங்களை முதல் படிக்கு நகர்த்தும். அப்படிப் பிரிக்காத கம்பெனிகளில் அது ஒன்றும் செய்யாது. உங்கள் ஹெச்.ஆரிடமே நேராகக் கேளுங்கள்: "எம்.சி.ஏ. முடித்தால் என் கிரேடு மாறுமா?" பதிலை மெயிலில் வாங்குங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் மேனேஜர் வாய் வார்த்தையாக "ஆமாம்மா, கண்டிப்பா" என்றார். படித்து முடித்தபோது அவரும் அங்கே இல்லை, அந்த வார்த்தையும் இல்லை.

2. உங்கள் டிகிரிக்கு எது பொருந்தும் என்று பாருங்கள்

ஐ.டி. பக்கம் முதுநிலை என்றால் நம் ஊரில் மூன்று வழி: எம்.சி.ஏ., எம்.எஸ்ஸி., எம்.டெக். அல்லது எம்.இ.

எம்.சி.ஏ. 2020–21 கல்வியாண்டிலிருந்து இரண்டு வருடப் படிப்பு. முன்பு மூன்று வருடம் என்பதால், "மூணு வருஷம் ஆகும்" என்று இன்னும் சொல்லும் மாமாக்கள் இருக்கிறார்கள். அது பழைய கணக்கு. பி.சி.ஏ., கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் நேராகச் சேரலாம். பி.காம்., பி.எஸ்ஸி. மாதிரி வேறு பட்டம் என்றால் பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணிதம் படித்திருக்க வேண்டும். அதோடு விட்டுப்போன கம்ப்யூட்டர் அடிப்படையைக் கற்றுத்தர பல்கலைக்கழகம் சொல்லும் பிரிட்ஜ் கோர்ஸையும் முடிக்க வேண்டியிருக்கும். பொதுவாக 50 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 45 சதவீதம்.

எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி. ஆகியவை பெரும்பாலும் கற்பித்தல், ஆராய்ச்சி பக்கம் போகிறவர்களுக்குப் பொருந்தும். கலை அறிவியல் கல்லூரிகளில் செலவும் குறைவு.

எம்.டெக்.கில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் நுழைவுத் தேர்வை இப்போது மூன்று வருடப் பட்டம் படித்தவர்களும் எழுதலாம். அதனால் பி.சி.ஏ. முடித்தவர் ஒருவர் உயிரைக் கொடுத்துப் படித்து, கேட் எழுதி, நல்ல ஸ்கோரும் வாங்கி விடுகிறார். அப்புறம்தான் தெரிகிறது, எம்.டெக். சேர்வதற்கு நான்கு வருடப் பட்டமோ, எம்.சி.ஏ., எம்.எஸ்ஸி. மாதிரி முதுநிலையோ வேண்டும் என்று. தேர்வு எழுதும் தகுதி வேறு, சேரும் தகுதி வேறு. இந்த இரண்டையும் தனித்தனியாகப் படித்துப் பாருங்கள். கேட் ஸ்கோர் மூன்று வருடம் செல்லும் என்பதால், எம்.சி.ஏ. இரண்டாம் வருடத்தில் எழுதுவதுதான் இவர்களுக்குச் சரியான நேரம்.

3. ரெகுலரா, தொலைநிலையா, ஆன்லைனா

வேலையை விட முடியாத குடும்பச் சூழல் என்றால் தொலைநிலையோ ஆன்லைனோதான் வழி. அதில் தவறில்லை. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022இல் அறிவித்திருக்கிறது.

ஆனால் "அங்கீகாரம் பெற்ற" என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. பல்கலைக்கழகம் பிரபலமானதாக இருந்தால் மட்டும் போதாது. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் பாடம், நீங்கள் சேரும் அந்தக் கல்வியாண்டு என்ற மூன்றும் இருக்க வேண்டும். போன வருடம் இருந்தது என்பதால் இந்த வருடமும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பட்டியலைப் பார்த்த அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வையுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கும்போது அது உதவும்.

2024 முதல் தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளில் சேர டி.இ.பி. ஐ.டி. என்ற எண்ணை, அதே தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் நீங்களே உருவாக்க வேண்டும். அதற்கு முதலில் ஏ.பி.சி. ஐ.டி. (படிப்பில் வாங்கும் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் கணக்கு எண்) வேண்டும், அதற்கு ஆதார் சரியாக இருக்க வேண்டும். "எல்லாம் நாங்க பாத்துக்குறோம் சார், பணம் மட்டும் கட்டுங்க" என்று ஒரு ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

தொலைநிலையில் எம்.டெக். என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அஞ்சல் வழி இன்ஜினியரிங் பட்டங்கள் செல்லாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிய தீர்ப்பில், வேலையில் இருந்த பலருடைய பட்டமே கேள்விக்குள்ளானது. வேலையில் இருப்பவர்களுக்காக நடத்தப்படும் எம்.டெக். இருக்கிறது, பிட்ஸ் பிலானியின் வேலையோடு இணைந்த படிப்பு அந்த வகை. அதற்கு உங்கள் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். விப்ரோ போன்ற நிறுவனங்கள் பி.சி.ஏ., பி.எஸ்ஸி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, கூடவே எம்.டெக். படிக்க வைக்கும் திட்டமும் நடத்துகின்றன. புதிதாக டிகிரி முடித்தவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. இத்தனை வருடம் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் அதில் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டில் ஒருவரை உட்கார வைத்து, சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

4. முழுச் செலவையும் ஒரு தாளில் எழுதுங்கள்

கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டு, "கவர்மென்ட் சீட்டு, கம்மிதான்" என்று முடிவெடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ரெகுலர் படிப்பில் பெரிய செலவு நீங்கள் வாங்காமல் விடும் சம்பளம்.

ஓர் உதாரணம். மாதம் 22,000 ரூபாய் சம்பளம் என்றால் 24 மாதத்துக்கு 5,28,000. கட்டணம், பஸ், புத்தகம், லேப்டாப் எல்லாம் சேர்த்து 1,50,000 என்று வையுங்கள். மொத்தம் 6,78,000. படிப்புக்குப் பின் மாதம் 15,000 கூடுதலாகக் கிடைத்தால், போட்ட பணம் திரும்ப 45 மாதம் ஆகும். கிட்டத்தட்ட மூன்றே முக்கால் வருடம். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். பத்து வருடம் என்று வந்தால் 3ஆம் படிக்குத் திரும்பிப் போய், தொலைநிலையை யோசியுங்கள்.

கடன் வாங்குவதாக இருந்தால்: 4 லட்சம் வரை பொதுவாக அடமானம் கேட்க மாட்டார்கள். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி தளத்தில் ஒரே விண்ணப்பத்தில் பல வங்கிகளைப் பார்க்கலாம். வட்டிக்கு வருமான வரிக் கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். எம்.டெக். ரெகுலராக, கேட் ஸ்கோரோடு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். எம்.சி.ஏ.வுக்கு இது கிடையாது.

5. சான்றிதழ்களை எட்டு மாதம் முன்பே தயார் செய்யுங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். அடுத்த ஜூலையில் சேர வேண்டுமென்றால் நவம்பரில் தொடங்குங்கள்.

பெயரிலிருந்து ஆரம்பியுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் ஓர் எழுத்தாக இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும். பான் கார்டில் இன்னொரு விதம். வடநாட்டுப் பெயர் முறையை வைத்துச் செய்த விண்ணப்பப் படிவங்களில் நம் இனிஷியலால் வருகிற சிக்கல் கொஞ்சநஞ்சம் இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து, ஆதாரை அதற்கேற்ப மாற்றுங்கள். சான்றிதழை மாற்றப் போனால் வருடம் ஓடிவிடும். ஆதார் திருத்தம் சீக்கிரம் முடியும். மாற்றிய பிறகுதான் ஏ.பி.சி. ஐ.டி., தேர்வு விண்ணப்பம் எல்லாம்.

அடுத்தது டிகிரிச் சான்றிதழ். கடலூர் மாவட்டக் கல்லூரிகளில் சில வருடங்களுக்கு முன் படித்தவர்களுக்குப் பட்டம் கொடுத்தது வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். பின்னால் சேர்ந்தவர்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதே கல்லூரி, அதே வகுப்பறை, ஆனால் சான்றிதழ் வாங்க அலைய வேண்டிய ஊர் வேறு. உங்கள் மார்க் ஷீட்டின் தலைப்பில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ, அங்கேதான் ப்ரொவிஷனல், கன்வோகேஷன், மைக்ரேஷன் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருந்து மூன்று மாதம் வீணாக்கிய ஒரு தங்கையை எனக்குத் தெரியும்.

மைக்ரேஷன் சர்டிபிகேட் என்பது ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தேவைப்படுவது. திருவள்ளுவரில் படித்துவிட்டு காலாப்பட்டில் உள்ள பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் வேண்டும். பாண்டியில் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் படித்துவிட்டு அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் வேண்டாம். டி.சி. எல்லோருக்கும் வேண்டும். டிகிரி முடித்தபோது, "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று கல்லூரியிலேயே விட்டிருந்தால் இப்போது போய் வாங்குங்கள்.

சாதிச் சான்றிதழில் கடலூர்க்காரர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. நம் கையில் இருப்பது பி.சி. அல்லது எம்.பி.சி. என்று போட்ட தமிழக அரசுச் சான்றிதழ். பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே அந்தச் சான்றிதழை ஏற்க மாட்டார்கள். மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற குறிப்போடு வேண்டும். இது இ-சேவையில் தனிச் சேவை. நடப்பு நிதியாண்டுக்கு எடுத்ததைக் கேட்பார்கள் என்பதால், ஏப்ரல் பிறந்ததும் புதிதாக எடுப்பது நல்லது. கிரீமி லேயர் வரம்பு 8 லட்சம் ரூபாய். "நான் வேலை பார்க்கிறேனே, என் சம்பளத்தைச் சேர்ப்பார்களா?" என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். பார்ப்பது பெற்றோரின் நிலையைத்தான், உங்கள் சம்பளத்தை அல்ல.

எல்லை ஊர் என்பதால் இன்னொன்று. வீடு கடலூரில், டிகிரி பாண்டியில் என்று படித்தவர்கள் தமிழகக் கலந்தாய்வுக்குப் போவதாக இருந்தால் நேட்டிவிட்டி சர்டிபிகேட்டும் எடுத்து வையுங்கள். புதுச்சேரிக்காரர்கள் சென்டாக் (புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழு) வழியாக வரும் இடங்களுக்குத் தங்கள் ஊர் வருவாய்த் துறையின் குடியிருப்புச் சான்றும் சாதிச் சான்றும் வைத்திருக்க வேண்டும். இரண்டு ஊரிலும் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை என்று ஒன்றுக்கொன்று முரணாக வைத்திருந்தால் சரிபார்ப்பில் மாட்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டிஜிலாக்கரிலும் மெயிலிலும் வையுங்கள். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்தபோது பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஃபைல்கள் நனைந்து போனதைப் பார்த்திருக்கிறேன். டூப்ளிகேட் மார்க் ஷீட் வாங்குவது, புது மார்க் வாங்குவதைவிடக் கஷ்டம்.

6. தேர்வுகளை ஒரே காலண்டரில் குறியுங்கள்

ஒரு தேர்வை மட்டும் நம்பாதீர்கள். அதே படிப்பு பல தேர்வுகளுக்கு உதவும். விண்ணப்பத் தேதிகள் மட்டும்தான் வேறு.

கேட் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். அதற்கு விண்ணப்பம் முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடிந்துவிடும். "ஜனவரியில் போடலாம்" என்று இருந்தவர்களுக்கு அந்த வருடம் அவ்வளவுதான்.

க்யூட் பி.ஜி. என்பது மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான தேர்வு, காலாப்பட்டில் எம்.சி.ஏ., எம்.எஸ்ஸி. சேர இதுதான் வழி. விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கில் திறக்கும், தேர்வு மார்ச் வாக்கில். 75 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று குறையும். விண்ணப்பிக்கும்போது தாள் குறியீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எம்.சி.ஏ.வுக்கு எந்தத் தாள் என்று பல்கலைக்கழகத்தின் தகுதிப் பட்டியலைப் பார்த்து உறுதி செய்த பிறகு பணம் கட்டுங்கள். தவறான தாளை எழுதினால் அந்த மார்க்கை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

டான்செட் அண்ணா பல்கலைக்கழகம் நடத்துவது. தமிழகக் கல்லூரிகளில் எம்.சி.ஏ.வுக்கு. எம்.இ., எம்.டெக்.குக்கு 2023 முதல் சீட்டா பி.ஜி. என்று தனித் தேர்வு. பழைய நோட்டைப் பார்த்து எம்.இ.க்கும் டான்செட் என்று விண்ணப்பிக்காதீர்கள். என்.ஐ.டி.களில் எம்.சி.ஏ. வேண்டுமென்றால் நிம்செட். நம் பக்கத்தில் திருச்சி என்.ஐ.டி. அதில் வருகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும், பிள்ளைச்சாவடியில் உள்ள புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் (முந்தைய புதுவைப் பொறியியல் கல்லூரி) அவரவர் அறிவிப்பைத் தனியாகப் பாருங்கள்.

இவை அனைத்தையும் போன் காலண்டரில் போட்டால் போதாது. அம்மா பார்க்கும் சுவர் காலண்டரிலும் எழுதுங்கள். ஷிப்ட் முடிந்து தூங்கும் நாளில் ஞாபகப்படுத்த ஓர் ஆள் வேண்டும்.

7. கணிதத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

வேலையில் இருப்பவர்களுக்கு கம்ப்யூட்டர் பகுதி ஓரளவு ஞாபகத்தில் இருக்கும். கணிதம் சுத்தமாக மறந்திருக்கும். நிம்செட்டில் 1000 மதிப்பெண்ணுக்கு 600 கணிதத்துக்குப் போகிறது என்பதைப் பார்த்தாலே எங்கே நேரம் போட வேண்டும் என்று தெரியும். ஆனால் எல்லோரும் சி ப்ரோக்ராம், டேட்டாபேஸ் என்று தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள், மனதுக்குச் சுகமாக இருக்கிறது என்பதால்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ தமிழகப் பாடநூல் கணிதத்தை எடுங்கள். கணங்கள், அணிகள், நிகழ்தகவு, வரிசை மாற்றமும் சேர்மானமும், வகையிடல், திரிகோணமிதி. இதற்கு மூன்று மாதம். பிறகு ரீசனிங் ஒரு மாதம். அப்புறம் கம்ப்யூட்டர். கடைசி ஒரு மாதம் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதுவது.

தினம் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் போதும். கடலூர்–பாண்டி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் நாட்களில் ரீசனிங் போடலாம், கணிதம் போட முடியாது. தவளக்குப்பம் தாண்டினால் பேனா நிற்காது. கணிதத்துக்குக் காலை நேரம்தான்.

8. தேர்வு முடிந்தவுடன் தனிப் பதிவு செய்யுங்கள்

இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. க்யூட் எழுதியதோடு வேலை முடியவில்லை. தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமை, சேர்ப்பது பல்கலைக்கழகம். மார்க் வந்த பிறகு, அல்லது அதற்கு முன்பே, பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தளத்தில் தனியாக விண்ணப்பித்து, தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். "விண்ணப்பத்திலேயே யுனிவர்சிட்டி பேரைப் போட்டேனே" என்று வீட்டில் காத்திருந்தவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். நல்ல மார்க் வாங்கிய ஒரு தம்பி, கடைசி தேதி போன மறுநாள் என்னிடம் வந்து நின்றான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்ததுதான் இதை எழுத ஒரு காரணம்.

டான்செட்டிலும் அப்படியே. தேர்வு ஒரு இடம், கலந்தாய்வு வேறு இடம். எம்.பி.ஏ., எம்.சி.ஏ. கலந்தாய்வைச் சமீப வருடங்களில் நடத்துவது கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அதற்கும் தனிப் பதிவு.

கல்லூரி வரிசையைப் போடும்போது பயணத்தையும் சேர்த்துப் பாருங்கள். கடலூரிலிருந்து காலாப்பட்டுக்கு இரண்டு பஸ்: பாண்டி பஸ் ஸ்டாண்டு வரை ஒன்று, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னொன்று. காலையில் அரியாங்குப்பம் பக்கம் நெரிசல் என்றால் இரண்டு மணி நேரம் ஆகும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் சிதம்பரம் தூரம் அதிகம்தான், ஆனால் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினால் நெரிசல் இல்லை, பல்கலைக்கழகமும் ஸ்டேஷனுக்குப் பக்கம். பெண் பிள்ளைகள் என்றால் மாலை வகுப்பு, லேப் முடிந்து திரும்பும் பஸ் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் போய், வகுப்பு விடும் நேரத்தில் வாசலில் நின்று திரும்பி வந்து பாருங்கள்.

9. சீட் உறுதியான பிறகுதான் வேலையை விடுங்கள்

"படிக்க நேரம் வேணும்" என்று தேர்வுக்கு முன்பே ராஜினாமா கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சீட் கிடைக்காமல் போனால் வேலையும் இல்லை, படிப்பும் இல்லை, விளக்கம் சொல்ல வேண்டிய ஓர் இடைவெளி மட்டும் மிஞ்சும். கட்டணம் கட்டி, ரசீது கைக்கு வந்த பிறகு கடிதம் கொடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நோட்டீஸ் பீரியட் இரண்டு மாதம், ஆனால் சேர்க்கைக்கும் வகுப்பு தொடங்குவதற்கும் நடுவே சில வாரங்கள்தான் இருக்கும். அதனால் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை முன்பே எடுத்து, நோட்டீஸ் எத்தனை நாள், பணம் கட்டி முன்னால் போக முடியுமா என்று பார்த்து, அந்தத் தொகையை 4ஆம் படிச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாத பே ஸ்லிப் இவற்றை வாங்காமல் வெளியே வராதீர்கள். படிப்பு முடிந்து அடுத்த வேலைக்குப் போகும்போது, இந்த அனுபவம்தான் உங்களை வகுப்பில் மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும். பி.எஃப். பணத்தை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

தொலைநிலையில் சேருகிறவர்கள் இந்தப் படிக்குப் பதிலாக, தேர்வு நாட்களுக்கு லீவு தருவதாக மெயிலில் ஒப்புதல் வாங்குங்கள்.

10. இரண்டு வருடத்தை எப்படிப் பயன்படுத்துவது

முதல் செமஸ்டரில் வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு மிதப்பு வரும். "இதெல்லாம் ஆபீஸ்ல பாத்ததுதானே" என்று. ஆபீசில் நாம் பார்த்தது ஒரு டூல், ஒரு டிக்கெட், ஒரு கஸ்டமர். ஆபரேட்டிங் சிஸ்டம், அல்காரிதம், நெட்வொர்க் ஆகியவற்றின் அடிப்படையைச் சரியாகப் படிக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நேர்முகத்தில் கேட்பதும் அதைத்தான். அரியர் வைக்காதீர்கள். கேம்பஸுக்கு வரும் பல நிறுவனங்கள் நிலுவை அரியர் இருந்தால் உள்ளேயே விட மாட்டார்கள்.

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். புதுச்சேரியிலும் சரி, சென்னையிலும் சரி, "ப்ராஜெக்ட் ரெடி" என்று போர்டு வைத்த கடைகள் இருக்கின்றன. அதை நம்பிப் போனவர்கள் நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். உங்கள் பழைய வேலையில் தினமும் எரிச்சல் கொடுத்த ஒரு பிரச்சினையை எடுங்கள். நான் சப்போர்ட்டில் இருந்தபோது ஒரே புகார் பத்துப் பேரிடமிருந்து பத்து டிக்கெட்டாக வரும். அவற்றை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் ஒரு சிறிய கருவியைத்தான் ப்ராஜெக்ட்டாகச் செய்தேன். நேர்முகத்தில் நாற்பது நிமிடமும் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்திருந்தது, ஏனென்றால் அந்தப் பிரச்சினை என்னுடையது.

மூன்றாம் செமஸ்டர் தொடங்கியதுமே 1ஆம் படியில் எழுதிய நோட்டை எடுத்து, அதே வேலைகளுக்குப் புதிதாகப் பத்து விளம்பரம் பாருங்கள். கேட்கும் திறன்கள் மாறியிருக்கும். விருப்பப் பாடத்தை அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், மார்க் எளிதாக வரும் பாடம் எது என்று சீனியரைக் கேட்டு அல்ல. ஐ.பி.பி.எஸ்., நெட் என்று போகிறவர்கள் அந்தந்த அறிவிப்பில் உள்ள "இந்தத் தேதிக்குள் ரிசல்ட் வந்திருக்க வேண்டும்" என்ற வரியை இப்போதே பாருங்கள்.

கடைசித் தேர்வு முடிந்த வாரத்தில் ப்ரொவிஷனல், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், டி.சி., மைக்ரேஷன் நான்குக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பம் கொடுங்கள், கன்வோகேஷனுக்குப் பணமும் கட்டிவிடுங்கள். வேலை கிடைத்து பெங்களூரோ சென்னையோ போன பிறகு, அதற்காக லீவு போட்டுத் திரும்பி வருவது கஷ்டம்.